தடா: பெட்டியா, பெட்டையா?

வீட்டு மேசை மேல் வைத்து முட்டை பொரிக்கும் இயந்திரம் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. புயலும் வெயிலும் மின்தடையும் மாறி மாறி வரும் எல்லையோர ஊரில் அது அடைக்கோழியின் இடத்தைப் பிடிக்குமா?

'தடா' என்ற சொல்லை ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. 1985இல் பிறந்து 1995 மே மாதம் காலாவதியான பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் சுருக்கப் பெயர் அது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பு, பழந்தமிழில் தடா என்றால் பெரிய பானை. இந்த இரண்டோடும் சம்பந்தமில்லாமல் சென்னைக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் ஒரு தடா இருக்கிறது. சூலூர்ப்பேட்டை செல்லும் மின்ரயிலில் போனால் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்தது தடா. ரயில் நிற்காமலேயே மாநிலம் மாறிவிடும்.

2022 ஏப்ரல் 4 வரை இந்த ஊர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். எல்லைகள் நகர்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது. கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. கோட்டின் இருபுறமும் இரு மொழியும் புழங்குகின்றன. கோழி என்பது தெலுங்கில் 'கோடி'. ஒரே ஒரு கோழி வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரு கோடி இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பெட்டை அங்கே 'பெட்ட'. முட்டை 'குட்டு'. நாட்டுக்கோழி 'நாட்டு கோடி'. கொல்லையில் மேயும் கோழிக்கு எந்த மொழியில் கூப்பிட்டாலும் புரிகிறது.

தடாவைக் கடந்து போகிறவர்கள் அதிகம், இறங்குகிறவர்கள் குறைவு. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் இடைவிடாமல் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, 'தடா அருவி' என்று அவர்கள் சொல்லும் உப்பலமடுகு அருவிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மற்றவர்கள் பழவேற்காடு ஏரியில் பறவை பார்க்கப் போகிறவர்கள். ஊருக்கு நின்று பார்க்க எதுவும் இல்லை என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் முட்டையிலிருந்து குஞ்சு வரும் அதிசயத்தைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைப்பது கஷ்டம்.

பறவைகளின் வட்டாரம்

கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் இந்த ஆழமில்லாத நீரில் நின்று இரை தேடுகின்றன. அவை இங்கே முட்டையிடுவதில்லை. நாட்டின் மறுகோடியில், குஜராத்தின் கட்ச் ரண்ணில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டி அங்கேதான் பொரிக்கின்றன. தின்ன ஓர் ஊர், பெற ஓர் ஊர்.

கூழைக்கடாக்கள் வேறு மாதிரி. சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தில், தண்ணீரில் நிற்கும் மரங்களின் உச்சியில் அவை கூடு கட்டுகின்றன. ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏறக்குறைய 30 நாள் அடைகாக்கின்றன. ஒன்று ஏரிக்கு மீன் பிடிக்கப் போனால் மற்றது கூட்டை விட்டு நகர்வதில்லை. வெயில் அடித்தால் நிழல், பனி பெய்தால் சூடு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வற்றிய வருடங்களில் கூடுகள் குறைந்துவிடும். முட்டை பொரிய வேண்டுமானால் சூடு மட்டும் போதாது, சுற்றிலும் ஊர் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தடாவின் மேற்கே காட்சி அடியோடு மாறுகிறது. 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. செல்போன், கார், சாக்லேட், ஏர்கண்டிஷனர் எல்லாம் அங்கே தயாராகின்றன. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள். பகலில் கொல்லையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகள் கூடிவிட்டன. கோழிக்கும் வீட்டுக்கும் இருந்த பழைய ஒப்பந்தத்தில் இது சிறிய மாற்றம் அல்ல.

கூடையும் இரும்புத் துண்டும்

அந்தப் பழைய ஒப்பந்தம் இதுதான். நாட்டுப் பெட்டை ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். பிறகு முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைக்கு உட்காரும். குரல் மாறும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். வீட்டுப் பெண்கள் பழைய கூடையிலோ அகலமான மண்சட்டியிலோ மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இருட்டான மூலையில் அவளை உட்கார வைப்பார்கள். கூடவே ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு ஆணி. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

21 நாள் அவள் அசைவதில்லை என்றே சொல்லலாம். நாளுக்கு ஒருமுறை இறங்கி, நாலு மணி பொறுக்கி, தண்ணீர் குடித்து, கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, தோலின் வெப்பம் நேராக முட்டையில் படும். ஒரு நாளில் பலமுறை அலகால் முட்டைகளைத் திருப்பிவிடுவாள். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். இதை எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பொரிக்காமல் மிஞ்சுவது கூமுட்டை. ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்ட நாம் அந்தச் சொல்லைத்தான் எடுத்தோம் என்பதிலிருந்தே, ஒரு அடை வீணானால் வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்பது தெரியும். பொரித்த பிறகும் இரண்டு மூன்று மாதம் அவள் குஞ்சுகளோடு அலைவாள். அதனால்தான் நாட்டுக்கோழிக்கு வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு ஈடுதான். ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் கிடைப்பது அபூர்வம். பண்ணையில் கம்பிக் கூண்டில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி 300க்கு மேல் இடுகிறது. அது அடைக்கு உட்காருவதில்லை. உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டியாகிவிட்டது.

இந்தக் கணக்கில்தான் மேசைப் பெட்டி நுழைகிறது. முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் பெட்டை சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். அடைக்கோழியின் மனசுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐந்து பெட்டைகளின் முட்டையை ஒரே நாளில் வைக்கலாம், ஒரே நாளில் குஞ்சு எடுக்கலாம். ஆள் இல்லாத வீட்டுக்கு இது பெரிய வசதி.

பெட்டி என்ன செய்கிறது?

செயற்கைச் சூட்டில் முட்டை பொரிப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே செங்கல் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமைமேல் வைத்துப் பார்ப்பார்கள், இமை சொல்லிவிடும். அந்த வித்தை ஐரோப்பாவுக்கு எளிதில் பிடிபடவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமர் எருக்குழியின் சூட்டிலெல்லாம் முட்டை வைத்துப் பார்த்து 1749இல் ஒரு நூலே எழுதினார். இந்தியாவில் 1971இல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் போன்ற நிறுவனங்கள் குஞ்சு பொரிப்பதைப் பெரிய தொழிலாக்கின. அதன்பின் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் சித்தூருக்கும் குஞ்சு என்றால் லாரியில் அட்டைப் பெட்டியில் வருவது என்று ஆயிற்று.

மேசைப் பெட்டி அந்தப் பெரிய இயந்திரத்தின் குழந்தை. பிளாஸ்டிக் உடல், கண்ணாடி போன்ற மூடி, உள்ளே சூடேற்றும் கம்பி, சிறு விசிறி, வெப்பத்தைக் காட்டும் எண்கள், முட்டையைத் தானே உருட்டும் தட்டு. 24 முட்டை, 48 முட்டை என்று அளவுகள். கரண்ட் செலவு நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான். வாங்க வசதியில்லாதவர்கள் தெர்மோகோல் பெட்டியில் குண்டு பல்பும் பழைய கம்ப்யூட்டர் விசிறியும் வைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. 2015க்குப் பிறகு அரசாங்கமே மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு கொடுத்து வீடுகளின் மின்செலவைக் குறைத்தது. எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. மின்சாரத்தை வீணாக்கிய குண்டு பல்பு, முட்டைக்கு மட்டும் நல்ல தாயாக இருந்தது!

விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு. முதல் 18 நாள் காற்றில் ஈரம் 50 முதல் 55 சதவீதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பழவேற்காட்டுக் காற்று வீசும் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தட்டைக் காயப்போட்டாலும் எண் கீழே இறங்காது. முட்டை 21 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் நீரை இழக்க வேண்டும். அந்த இடத்தில்தான் காற்றறை வளர்கிறது. ஈரம் அதிகமானால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுவிடத் திணறும். குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போடும். பெட்டியோடு வரும் கையேடு எந்த ஊருக்கோ எழுதியது. தடாவில் தடாவின் காற்றைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பானைக்குத் திரும்புவோம்

முட்டை எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. மளிகைக் கடை வெள்ளை முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணையில் சேவலே கிடையாது. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் திரியும் கொல்லையின் முட்டை வேண்டும். கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேல் உள்ள காப்புப் பூச்சு போய்விடும். மிகப் பெரியதும் மிகச் சிறியதும் கோணலானதும் வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி ஏழு நாளுக்குள் வைத்துவிட வேண்டும்.

அந்த ஏழு நாளில்தான் நம் வெயில் விளையாடுகிறது. சேர்த்து வைக்கும் முட்டைக்கு 13 முதல் 18 டிகிரி குளிர்ச்சி உகந்தது. 24 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். பிறகு பெட்டிக்குள் போகும்போது அது ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். சித்திரை மாதத்துத் தடாவில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. ஃப்ரிட்ஜின் உள்ளேயோ தேவைக்கு மேல் குளிர். இதற்குக் கிராமங்களில் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டையை வைத்து, ஈரத்துணியால் வாயை மூடிவிடுவது. நீர் ஆவியாகும்போது பானை குளிரும். கோழி வளர்ப்புப் பயிற்சியில் இன்றும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். பழந்தமிழின் தடாவுக்கும் இந்தத் தடாவுக்கும் கடைசியில் ஒரு சம்பந்தம் வந்துவிடுகிறது.

வெயிலின் வேலை அதோடு முடிவதில்லை. பெட்டிக்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டின் அறை 40 டிகிரியைத் தொட்டால் பெட்டி கம்பியை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். உள்ளே கரு வெந்துகொண்டிருக்கும். குளிரைச் சில மணி நேரம் பொறுக்கும் கரு, 40 டிகிரிக்கு மேலான சூட்டை அப்படிப் பொறுக்காது. பத்து கிலோமீட்டரில் ஏர்கண்டிஷனர் தொழிற்சாலை இருந்து என்ன பயன்? மே மாதத்தில் அடை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

21 நாள்

தடாவில் ஏரிக்கரையில் நின்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவது தெரியும். அங்கே கவுண்ட்டவுன் மணிக்கணக்கில். இங்கே மூன்று வாரம்.

இரண்டாம் நாள் முடிவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தின் மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் விரிந்திருக்கும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். அசைவற்றுத் தெளிவாக இருப்பது கருக்கூடாத முட்டை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சூட்டில் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். 14ஆம் நாள் முட்டையில் பாதி இருட்டு. 18ஆம் நாள் காற்றறை தவிர எல்லாம் இருட்டு. அன்றோடு உருட்டுவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டி, மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

20ஆம் நாள் முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். குஞ்சு முதலில் காற்றறைக்குள் மூக்கை நீட்டி மூச்சு விடுகிறது. பிறகு அலகு நுனியில் உள்ள சிறு பல்லால் ஓட்டில் ஒரு கீறல். அதன்பின் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொறுமை போவது இங்கேதான். பாவம் என்று ஓட்டை உரித்துவிடத் தோன்றும். உரித்தால் ரத்தம் வரும். குஞ்சு அப்போது சவ்வில் உள்ள ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் தனக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மஞ்சள் கருதான் அதற்கு இரண்டு நாள் சாப்பாடு. ஒருநாள் குஞ்சை அட்டைப் பெட்டியில் வைத்து நாடு முழுக்க அனுப்ப முடிவதும் அதனால்தான். கீறலிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு முழு நாள் ஆகலாம். பத்துக்கு எட்டு பொரித்தால் நல்ல அடை.

ஒரு எச்சரிக்கை. பழவேற்காடும் நேலப்பட்டும் பக்கத்தில் இருப்பதால், வயலில் கண்டெடுத்த மயில் முட்டையையோ நீர்ப்பறவை முட்டையையோ பெட்டியில் வைத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரலாம். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொரித்தாலும் அந்தக் குஞ்சுக்குப் பறவை வாழ்க்கையைக் கற்றுத்தர நம்மால் முடியாது.

இடி இடித்தால்

இரும்பு ஆணி நம்பிக்கையைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்லும்? கோழியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் முட்டையை இடி ஒன்றும் செய்துவிடாது. ஆனால் பெட்டிக்கு அந்தப் பழைய பயம் உண்மையாகிவிட்டது. இடி இடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் முட்டை கெடும். அதற்கு ஆணி உதவாது. இன்வெர்ட்டர்தான் உதவும், அதுவும் சில மணி நேரத்துக்கு.

இந்தக் கரைக்குப் புயல் விருந்தாளி அல்ல, வாடிக்கைக்காரர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் பாபட்லாவில் கரையேறும் வழியில் சென்னை, திருவள்ளூர், திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களை மழையில் முக்கியது. அப்படிப்பட்ட நாளில் மேசைப் பெட்டி என்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறக்காமல், கம்பளியால் மூடி, காற்றோட்டத் துளையை மட்டும் விட்டுவைத்தால் ஒரு மூன்று நான்கு மணி நேரம் சமாளிக்கலாம். முதல் வாரத்துக் கரு குளிரை ஓரளவு பொறுக்கும். கடைசி வாரத்துக் கரு தானே சூடு உண்டாக்கும், ஆனால் விசிறி நின்றுவிட்டால் அதற்குக் காற்று போதாது. இரண்டாம் நாளும் கரண்ட் வராவிட்டால் 48 முட்டையும் கூமுட்டை. அதே நேரம் அடுத்த வீட்டுத் திண்ணை மூலையில் நனைந்த இறகோடு ஒரு பெட்டை தன் 12 முட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கரண்ட் கம்பி எதுவும் கிடையாது.

பொரித்த பிறகு?

விலைக்கு வாங்கிய பெட்டியின் பொறுப்பு 21ஆம் நாளோடு தீர்ந்தது. கோழியின் பொறுப்பு அன்றுதான் ஆரம்பம். இறக்கைக்கடியில் சூடு, எது தீனி எது கல் என்ற பாடம், பருந்து வட்டமிட்டால் ஒரு எச்சரிக்கைக் குரல், கீரி வந்தால் சண்டை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தாயின்றிப் பிறந்த 40 குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துச் சாவது நடக்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதற்கும் கரண்ட் வேண்டும்.

நோய் இன்னொரு கணக்கு. 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு அந்த ஊரின் பெயரையே வாங்கிக்கொண்ட ராணிக்கெட் நோய், இன்றும் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகளைக் காலி செய்யும். ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஓர் ஊசி. இதைத் தவறவிடும் வீடு எத்தனை குஞ்சு பொரித்தாலும் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய அச்சம் பறவைக் காய்ச்சல். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் சாட்டகுட்லா, கும்மல்லதிப்பா ஆகிய இரண்டு கிராமங்களில் நோய் உறுதியானது. சுற்று வட்டாரத்தில் கோழிக்கடைகள் மூடப்பட்டன. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாக் கோழிகளையும் அழிக்க வேண்டும் என்பது விதி. பண்ணைக் கோழியா, கொல்லைக் கோழியா என்று விதி பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஏரிக்கரையில் இருப்பவர்கள் இதை மறக்க முடியாது. நீர்ப்பறவை இறங்கும் குட்டையில் கோழியை மேயவிடாமல் இருப்பதும், கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை டாக்டரிடம் சொல்வதும் பெட்டி வாங்குவதைவிட முக்கியம்.

எதை இழக்கிறோம்?

அப்படியானால் பெட்டி வேண்டாமா? அப்படிச் சொல்வது நியாயமல்ல. ஷிப்டுக்குப் போய் வரும் பெண்ணுக்கு ஐந்து பெட்டையும் ஒரு பெட்டியும் தனி வருமானம். பண்ணைக் குஞ்சை விலைக்கு வாங்கினால் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். கலப்பினக் கோழியின் முட்டையைப் பொரித்தால் தாயைப் போலக் குஞ்சு வராது. தன் கொல்லைச் சேவலும் தன் கொல்லைப் பெட்டையும் தந்த முட்டையைத் தன் வீட்டில் பொரிப்பவர், விதைநெல்லைக் கையில் வைத்திருக்கும் விவசாயிக்குச் சமம். பொரித்ததில் பாதி சேவலாக இருக்கும். பண்ணையில் முட்டையிடாத சேவல் குஞ்சுக்கு இடமில்லை. நாட்டுக்கோழி வீட்டில் சேவலுக்குத்தான் கிராக்கி.

இழப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அடைக்கு உட்காரும் குணம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. பெட்டி வந்த வீட்டில் அடைக்கு உட்காரும் பெட்டை உபத்திரவமாகத் தெரிவாள். முட்டையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளை முதலில் விற்றுவிடுவார்கள், அல்லது குழம்பு வைத்துவிடுவார்கள். உட்காராத பெட்டையின் முட்டைகளே பெட்டிக்குள் போகும். சில தலைமுறையில் அந்தக் கொல்லையில் அடைகாக்கத் தெரிந்த கோழி இருக்காது. லெகார்னுக்குப் பண்ணைக்காரர்கள் தெரிந்தே செய்ததை, ஆந்திரத்தின் பெருமையான அசீலுக்கும் ஊர்க்கோழிக்கும் நாம் தெரியாமல் செய்துவிடுவோம். அடுத்த வர்தா வரும்போது வீட்டில் பெட்டி இருக்கும், கரண்ட் இருக்காது, பெட்டையும் இருக்கமாட்டாள்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. ஐந்தில் ஒரு பெட்டையை அடைக்கென்று விட்டுவிடலாம். பெட்டியில் முட்டை வைக்கும் அதே நாளில் அவளுக்கும் சில முட்டை வைத்தால் இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அன்று இரவு இருட்டில், பெட்டிக் குஞ்சுகளில் அவளால் அணைக்க முடிந்த அளவை இறக்கைக்கடியில் மெல்லத் தள்ளிவிட்டால் விடிந்ததும் எல்லாவற்றையும் தன்னுடையவை என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுக்கு எண்ணிக்கை தெரியாது. சூடு கொடுக்கும் வேலையில் பாதியைப் பெட்டியும் வளர்க்கும் வேலையைப் பெட்டையும் பார்த்துக்கொள்ளும். அவளுடைய மகள்களில் அடைக்கு உட்காருகிறவளைத் தேடி வைத்துக்கொண்டால் குணமும் கொல்லையை விட்டுப் போகாது.

மேசைப் பெட்டி பழுதானால் சென்னையிலிருந்து இன்னொன்று வாங்கலாம், ஒன்றரை மணி நேர ரயில் பயணம். அடைகாக்கத் தெரிந்த நாட்டுப் பெட்டையை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது, ஸ்ரீசிட்டியிலும் கூட.